சமையலுக்கான ஆப்பிள்: சின்னத் தோட்டத்தில் எந்த இரண்டு ரகம் வைக்கலாம்?

#1 பின்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சுமார் 6 மீட்டருக்கு 8 மீட்டர் இடம் சும்மா கிடக்கிறது. கடித்துத் தின்னும் ஆப்பிள் எங்கும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது வேகவைக்க, சுட, ஜாமும் ஜெல்லியும் செய்ய ஏற்ற புளிப்பு ஆப்பிள். இரண்டு மரத்துக்கு மேல் இடம் இல்லை.

யாரைக் கேட்டாலும் பிராம்லி என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "எல்லோரும் அதைத்தானே வைக்கிறார்கள்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. குளிர்காலத்தில் இங்கே நன்றாகவே குளிரும், உறைபனி உண்டு. தோட்டத்தில் பாதி நாளுக்கு மேல் வெயில் விழும். ஒரு பக்கம் 5 மீட்டர் நீளச் சுவர் இருக்கிறது, அதுவும் வெயில் பக்கம். அடுத்த வீட்டில் ஒரு கிராப் ஆப்பிள் (சின்னச் சின்னப் புளிப்புக் காய் விடும் ஆப்பிள் வகை) மரம் நிற்கிறது, என்ன ரகம் என்று அவர்களுக்கே தெரியாது. எதை வைக்கலாம்?

#2 மழைக்குருவி

பிராம்லி. வேறு யோசனையே வேண்டாம்.

#3 கவாத்துக்கத்தி

மழைக்குருவி தம்பி அவசரப்படுகிறார். பிராம்லி நல்ல காய், அதில் சண்டை இல்லை. ஆனால் இரண்டே மரத்துக்கு இடம் உள்ளவர் முதலில் யோசிக்க வேண்டிய ரகம் அது இல்லை. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, மரத்தின் வேகம். பிராம்லி முரட்டுத்தனமாக வளரும். கிளை தடித்து அகலமாகப் பரவும். ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் கோபமாகக் கிளை விடும், காய் விடாது.

இரண்டாவது, அது சாதாரண ஆப்பிள் இல்லை. பெரும்பாலான ஆப்பிள்களில் 34 குரோமோசோம்கள். பிராம்லியில் 51, அதாவது மூன்று மடங்குத் தொகுதி. இப்படிப்பட்ட ரகத்தின் மகரந்தம் மற்ற மரங்களுக்கு உதவாது. பிராம்லி காய்க்க மகரந்தம் தரும் ஒரு துணை மரம் வேண்டும், அந்தத் துணை மரத்துக்கு இன்னொரு துணை வேண்டும். ஆக, மூன்று மரக் கணக்கு.

மூன்றாவது, அது ஓரளவுக்குக் கிளை நுனியில் காய்க்கும் ரகம். சுவரோரம் கம்பி கட்டிப் படர விட்டு, ஒவ்வொரு கோடையிலும் நுனியைக் கிள்ளிவிட்டால் அடுத்த ஆண்டுக் காயையும் சேர்த்தே கிள்ளியதாக ஆகும்.

இவ்வளவும் தெரிந்து, இடமும் இருந்து வைத்தால் அது அருமையான மரம்தான். 1809இல் இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதையிலிருந்து வந்தது. பிற்பாடு அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லியிடம் ஹென்றி மெர்ரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்குக் குச்சி கேட்டபோது, "என் பெயரில் விற்பதானால் எடுத்துக்கொள்" என்றாராம். விதை போட்டவள் பெயர் எங்கும் இல்லை, வீடு வாங்கியவர் பெயர் உலகம் முழுக்க.

#4 வெண்கலப்பானை

மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பாத்திரத்தைப் பற்றிப் பேசலாமா? சமையல் ஆப்பிள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அடுப்பில் ஏற்றினால் அவை இரண்டு சாதி.

ஒன்று குழைகிற சாதி. பிராம்லி, கிரெனேடியர், கோல்டன் நோபிள், ரெவரெண்ட் டபிள்யூ. வில்க்ஸ் எல்லாம் இதில் வரும். சூடு ஏறியதும் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பெக்டின் இளகி, துண்டுகள் பொங்கி நுரைத்து மசியலாகிவிடும். சாஸ், ஜாமுக்கு அடிப்படை, மசித்துச் செய்யும் இனிப்புகள் எல்லாவற்றுக்கும் இதுதான். கோல்டன் நோபிளின் மசியல் பெயருக்கு ஏற்றபடி பொன்னிறமாக வரும்.

மற்றொன்று உருக்குலையாத சாதி. ஆனி எலிசபெத், பிளெனம் ஆரஞ்சு, பிரான்சின் பழைய ரகமான கால்வில் பிளான்ஷ் திவேர், அமெரிக்காவின் ரோம் பியூட்டி எல்லாம் இந்தப் பக்கம். வட்ட வட்டமாக அடுக்கிச் சுடும் டார்ட்டுக்கு இவைதான் வேண்டும். அதில் பிராம்லியை அடுக்கினால் அடுப்பிலிருந்து எடுக்கும்போது அடுக்கே இருக்காது.

"புளிப்பு அதிகமானால் குழையும்" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரி, முழுக்கச் சரி இல்லை. கிரானி ஸ்மித் புளிப்புதான், ஆனாலும் துண்டு ஓரளவு நிற்கும். இன்னொன்றும் உண்டு. ஒரே காயில்கூட சர்க்கரை போடும் நேரத்தை மாற்றினால் விளைவு மாறும். முதலிலேயே சர்க்கரை போட்டால் துண்டுகள் சற்றே இறுகி நிற்கும். வெந்து மசிந்த பிறகு போட்டால் மசியல் மெத்தென்று வரும்.

அதனால் பின்கட்டு, உங்கள் வீட்டில் அதிகம் செய்வது எது என்று சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் ரகம் சொல்வதில் அர்த்தம் இல்லை.

#5 மழைக்குருவி

கவாத்துக்கத்தி ஐயா சொன்ன முதல் காரணத்துக்குக் குட்டை வேர்ச்செடி இருக்கிறதே? எம்9 என்ற குட்டை வேர்ச்செடி மேல் ஒட்டிய பிராம்லி கேட்டு வாங்கினால் போச்சு. மூன்றாவது மரப் பிரச்சினையை அடுத்த வீட்டு கிராப் ஆப்பிள் தீர்த்துவிடும். சுவரில் ஏற்ற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அப்புறம், பிராம்லிக்கு உள்ள ஒரு குணத்தை நீங்கள் யாரும் சொல்லவில்லை. மற்ற சமையல் ரகங்கள் பல சேமிப்பில் வைக்க வைக்க இனித்து, புளிப்பு போய், வெறும் சப்பென்ற ஆப்பிளாகிவிடும். பிராம்லி மாதக்கணக்கில் வைத்தாலும் புளிப்பை விடாது. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சாஸ் எதற்கு?

#6 கவாத்துக்கத்தி

சேமிப்பில் புளிப்பு நிற்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். வேர்ச்செடி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும்.

ஆப்பிளை விதை போட்டு வளர்த்தால் தாய் ரகம் வராது. அதனால் வேண்டிய ரகத்தின் குச்சியை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுகிறார்கள். மரம் எவ்வளவு உயரம் போகும் என்பதில் பெரும் பங்கு அந்த வேருக்கு. எம்27 என்றால் 2 மீட்டருக்குள் அடங்கும். எம்9 ஏறக்குறைய 2.5 மீட்டர். எம்26 3 மீட்டரை ஒட்டி. எம்எம்106 4 மீட்டர் வரை போகும். எம்25 பழைய காலத்துப் பெரிய தோப்பு மரம், அது உங்களுக்கு வேண்டாம். எம் என்பது இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். எம்எம் வரிசையில் நார்தர்ன் ஸ்பை ரகத்தின் ரத்தம் இருப்பதால் கம்பளி அசுவினிப் பூச்சி அவ்வளவாக அண்டாது.

இந்த உயரமெல்லாம் நடுத்தர வேக ரகத்துக்கான கணக்கு. மேலே ஒட்டிய ரகம் முரடாக இருந்தால் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். எம்9 மேல் பிராம்லி, எம்26 மேல் வேறு ரகம் நிற்கும் அளவுக்கு வரும். எம்9க்கு வேரும் பலவீனம், ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும், மண்ணும் நன்றாக இருக்க வேண்டும், வெயில் காலத்தில் தண்ணீர் மறக்கக் கூடாது. பிராம்லி 20 என்று சற்று அடக்கமான வகை ஒன்று உண்டு. பிராம்லிதான் என்று பிடிவாதமாக இருந்தால் அதைத் தேடலாம்.

#7 தேனீக்காரன்

அடுத்த வீட்டு கிராப் ஆப்பிள் பற்றி ஒரு வார்த்தை. "தீர்த்துவிடும்" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி. அது பூக்கும் காலம் உங்கள் மரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஜான் டவுனி, கோல்டன் ஹார்னெட் மாதிரி கிராப்புகள் நீண்ட நாள் பூத்து நிற்பதால் நல்ல துணை. இரட்டை அடுக்குப் பூ விடும் அலங்கார வகை என்றால் மகரந்தம் குறைவாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. இந்த வசந்தத்தில் அது எப்போது பூக்கிறது, எத்தனை நாள் பூ நிற்கிறது என்று பாருங்கள். ஆப்பிள் ரகங்களைப் பூக்கும் வரிசைப்படி குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே குழு அல்லது அடுத்தடுத்த குழு என்றால் போதும். ரெவரெண்ட் வில்க்ஸ் முந்திப் பூக்கும். கிரெனேடியர், பிராம்லி, லேன்ஸ் பிரின்ஸ் ஆல்பர்ட், ஆர்தர் டர்னர் நடுவில். ஆனி எலிசபெத், கோல்டன் நோபிள், ஹௌகேட் வொண்டர் அதற்குச் சற்றுப் பின்னால். எட்வர்ட் VII கடைசி ஆள். வசந்தத்தின் கடைசியில் உறைபனி வந்து பூவைக் கருக்கும் பள்ளமான இடத்தில் அந்தக் கடைசி ஆள்தான் பிழைப்பான்.

பூச்சிக்கொல்லியைப் பூத்த மரத்தில் அடிக்காதீர்கள். தேனீ செத்தால் எந்தக் குழுவும் உதவாது.

#8 இளவேனில்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் குளிர்காலம் பெயருக்குத்தான். மேலே சொன்ன ரகங்களில் ஒன்றாவது வருமா?

#9 கவாத்துக்கத்தி

பெரும்பாலும் வராது. ஆப்பிள் மொட்டு உறக்கத்திலிருந்து எழ, ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். பழைய குளிர்நாட்டு ரகங்கள் பலவற்றுக்கு 800 முதல் 1000 மணி நேரம். அது கிடைக்காவிட்டால் மரம் சாகாது, குழம்பிப்போகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை விடும், பூ சிதறிச் சிதறி வரும், காய் பிடிக்காது.

உங்களைப் போன்ற இடத்துக்கு அன்னா, டார்செட் கோல்டன் என்ற ஜோடி இருக்கிறது. 300 மணி நேரத்துக்கும் குறைவான குளிர் போதும், ஒன்றுக்கொன்று மகரந்தத் துணை. சமையலுக்கென்று பிறந்தவை இல்லை. சற்று முன்னதாகப் பறித்தால் புளிப்பு இருக்கும், அதை வைத்துச் சமாளிக்கலாம்.

ஜாவாத் தீவின் மலைப்பகுதியான பாத்துவில் ரோம் பியூட்டியை வேறு வழியில் ஏமாற்றுகிறார்கள். அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிடுவார்கள். மரம் உறங்கப் போகாமலே மறுபடி பூக்கும். ஆண்டுக்கு இரண்டு அறுவடைகூட எடுக்கிறார்கள். ஆனால் அது மலை உயரத்தில், தேர்ந்த கைகளால் நடப்பது. வீட்டுத் தோட்டத்தில் அதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

#10 பின்கட்டு

நிறையக் கற்றுக்கொண்டேன், நன்றி. வெண்கலப்பானை அக்கா கேட்டதற்குப் பதில்: மசியலும் வேண்டும், அடுக்கிச் சுடவும் வேண்டும். பாதிக்குப் பாதி. ஜெல்லியும் ஆசை.

ஒரு கன்று விற்பனையாளர் ஹௌகேட் வொண்டர் வைத்தால் இரண்டு வேலையையும் அது ஒன்றே செய்யும் என்றார். காய் ஒவ்வொன்றும் குழந்தை தலை அளவு வரும் என்றும் சொன்னார். இன்னொருவர் பவுண்டிஃபுல் என்கிறார். ஒரே மரத்தில் மூன்று ரகம் ஒட்டியதும் விற்பனையில் இருக்கிறது. இடம் மிச்சமாகுமே?

#11 வெண்கலப்பானை

ஹௌகேட் வொண்டர் காட்சிக்கு வைக்க அருமை. அளவில் அதை மிஞ்ச அதிக ரகம் இல்லை. சுவையில் எனக்கு ஒட்டவில்லை. இரண்டு வேலையையும் செய்யும் என்றால் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவிர, அவ்வளவு பெரிய காயில் பாதியை வெட்டினால் மீதி கருத்துப்போகும். சின்னக் குடும்பத்துக்கு நடுத்தர அளவுதான் வசதி.

பவுண்டிஃபுல் வேறு விஷயம். ஈஸ்ட் மாலிங்கில் காக்ஸ் என்ற கடித்துத் தின்னும் ரகத்தையும் லேன்ஸ் பிரின்ஸ் ஆல்பர்ட்டையும் கலந்து எடுத்தது. மரம் அடக்கமாக இருக்கும், புளிப்பு மிதம், சர்க்கரை குறைவாகப் போதும். சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மழைக்குருவிக்குப் பிடிக்காது, அவருக்குப் பல் கூச வேண்டும்.

ஜெல்லிக்குத் தனி ரகம் தேவையே இல்லை. முற்றாமல் உதிரும் புளிப்புக் காய்களில்தான் பெக்டின் அதிகம். அடிபட்ட பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, தோலும் நடுப்பகுதியுமாக வேகவைத்து, துணியில் கட்டித் தொங்க விடுங்கள். அழுத்திப் பிழியாதீர்கள், கலங்கிவிடும். அடுத்த வீட்டு கிராப் ஆப்பிளில் நாலு கை கேட்டு வாங்கிச் சேர்த்தால் நிறமும் கிடைக்கும்.

#12 மழைக்குருவி

பல் கூசினால்தான் ஆப்பிள் அக்கா :)

#13 கவாத்துக்கத்தி

ஒரே மரத்தில் மூன்று ரகம் ஒட்டியதைப் பற்றி: மூன்றும் ஒரே வேகத்தில் வளர்ந்தால் சரி. சமையல் ரகங்களில் அப்படி அமைவது அபூர்வம். வேகமான ரகம் மற்ற இரண்டையும் அமுக்கிவிடும். அதைக் கிளை கிளையாக அடக்கத் தெரிந்தவர் வாங்கலாம்.

நோயையும் கணக்கில் எடுங்கள். மழை அதிகமான இடத்தில் சொறி நோய்தான் முதல் தொல்லை. இலையிலும் காயிலும் கரும்புள்ளி விழுந்து தோல் வெடிக்கும். உண்ணும் காயில் அது அசிங்கம், சமையல் காயில் தோலைச் சீவினால் பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் கடுமையாக வந்தால் மரம் சோர்ந்துபோகும். கிரெனேடியர் இதை நன்றாகத் தாங்கும், மரமும் அளவானது. பிராம்லிக்குச் சொறி வரும். காய்க்குள் பழுப்புப் புள்ளியும் அதற்கு வழக்கமான தொல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் தண்ணீர் ஒருநாள் நிறைய, பத்து நாள் இல்லை என்று விட்டால் வரும். லேன்ஸ் பிரின்ஸ் ஆல்பர்ட் நல்ல அடக்கமான மரம், காயும் நெடுநாள் நிற்கும், ஆனால் சாம்பல் நோய் பிடிக்கும்.

இனி என் யோசனை. இரண்டு மரம்தான் என்றால் ஒன்று முந்திக் காய்த்துக் குழைவதாக இருக்கட்டும், இன்னொன்று பிந்திக் காய்த்து உருக்குலையாமல், சேமிப்பிலும் நிற்பதாக இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் கிரெனேடியரும் ஆனி எலிசபெத்தும். முதலாவது கோடைக் கடைசியிலேயே வந்துவிடும். இரண்டாவது இலையுதிர் காலத்தில் பறித்து அடுத்த வசந்தம் வரை வைக்கலாம். பூக்கும் காலம் அடுத்தடுத்த குழு, இரண்டுக்கும் மகரந்தம் நல்லது, கிராப் ஆப்பிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஆனி எலிசபெத்தின் பூவும் பார்க்க அழகு. இங்கிலாந்தின் லெஸ்டரில் 1857 வாக்கில் விதையிலிருந்து வந்த ரகம்.

#14 மழைக்குருவி

கிரெனேடியர் சரி. ஆனால் ஐயா, அது பறித்த சில வாரங்களிலேயே போய்விடுமே? குழைகிற ஆப்பிள் குளிர்காலத்தில் வேண்டும் என்றால் பின்கட்டு என்ன செய்வார்?

#15 வெண்கலப்பானை

பறித்த வாரத்திலேயே வேகவைத்து, மசித்து, உறைபெட்டியில் வைப்பார். மசியலாகப் போகிற காயை முழுசாகச் சேமித்து என்ன பயன்? இடம்தான் அடையும். முழுசாக வைக்க வேண்டியது உருக்குலையாத ரகத்தை மட்டும்.

#16 மழைக்குருவி

இது நியாயம். என் ஓட்டை மாற்றவில்லை, ஆனால் வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

#17 தேனீக்காரன்

சேமிப்பு என்ற பேச்சு வந்ததால்: காம்பு உள்ள, அடிபடாத காயை மட்டும் வையுங்கள். கையில் ஏந்தி மெல்லத் தூக்கித் திருப்பினால் தானாக விட வேண்டும், விடாவிட்டால் இன்னும் பொறுங்கள். விதை பழுப்பாகியிருக்கிறதா என்று ஒன்றை வெட்டிப் பாருங்கள். ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக, 3 முதல் 5 டிகிரி வரை உள்ள இருட்டான இடத்தில், உறைந்துபோகாமல் இருக்க வேண்டும். வெங்காயத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், வாடை ஏறும். முந்திப் பழுக்கும் ரகத்தையும் பிந்திய ரகத்தையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். பழுத்த காய் விடும் எத்திலீன் வாயு மற்றதையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடும்.

#18 பின்கட்டு

முடிவு செய்துவிட்டேன்: கிரெனேடியர் எம்26 மேல், நடுவில் தனி மரமாக. ஆனி எலிசபெத் சுவரோரம், இரண்டு பக்கமும் கிளை நீட்டிப் படர விடலாம் என்று ஆசை. ஆனால் விற்பவரிடம் ஆனி எலிசபெத் எம்எம்106 மேல்தான் இருக்கிறது. 5 மீட்டர் சுவருக்கு அது அதிகமாகிவிடுமா? இரண்டு மரத்தையும் ஒரே நாளில் நடலாமா?

#19 கவாத்துக்கத்தி

சுவருக்கு எம்எம்106 சரிதான். கிளைகளைக் கிடைமட்டமாகப் பிடித்துக் கட்டும்போது வளர்ச்சி வேகம் தானாகக் குறையும், காய் மொட்டு கூடும். பக்கத்துக்கு 2 மீட்டருக்கு மேல் கிளை நீளும், உங்கள் சுவர் நீளத்துக்கு அளவாக இருக்கும்.

கம்பியை மரத்துக்கு முன்னால் அடித்துவிடுங்கள். முதல் கம்பி தரையிலிருந்து 40 சென்டிமீட்டரில், அதற்கு மேல் அதே இடைவெளியில் நான்கு வரிசை. சுவரை ஒட்டிய மண் எப்போதும் வறண்டிருக்கும், அதனால் கன்றைச் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி, சற்றே சுவர்ப் பக்கம் சாய்த்து நடவும். ஒரே ஆண்டு வயதுள்ள, கிளை விடாத கன்றாகக் கேளுங்கள். கிளைத்த கன்றை வாங்கினால் உங்கள் கம்பிக்கு அது பொருந்தாது.

இரண்டையும் ஒரே நாளில் நடலாம். வெறும் வேராக வரும் கன்று என்றால் இலை உதிர்ந்து உறங்கும் காலத்தில், மண் உறையாத நாள் பார்த்து. நடுவதற்கு முன் வேரைத் தண்ணீரில் ஊற வையுங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல் ஒரு சாண் தெரிய வேண்டும். அது புதைந்தால் மேல் ரகமே வேர் விட்டு, குட்டை வேருக்குக் கொடுத்த காசு வீண். முதல் ஆண்டு பூத்தாலும் பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள். பிறகு காய் பிடிக்கத் தொடங்கியதும், தானாக உதிர்வது நின்ற பிறகு கொத்துக்கு ஒன்றாக, 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கழித்துவிடுங்கள். கழிக்க மனசு வராது. கழிக்காவிட்டால் ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் பழக்கம் மரத்துக்கு வந்துவிடும்.

#20 வெண்கலப்பானை

கழித்த பிஞ்சு சற்றுப் பெரிதாக இருந்தால் எறியாதீர்கள் பின்கட்டு, ஜெல்லிச் சட்டிக்கு.

#21 பின்கட்டு

சரி அக்கா. கிளை விடாத கன்று இருக்கிறதாம், இலை உதிர்ந்ததும் அனுப்புகிறார்கள். அதற்குள் கம்பி வேலையை முடிக்கிறேன். சுவர் பழைய செங்கல், காரை உதிர்கிறது. ஆணி நிற்குமா, இல்லை சுவரை விட்டுத் தனியாக மரத்தூண் நட்டுக் கம்பி இழுக்கவா?

#22 கவாத்துக்கத்தி

தூண் நட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று, 60 சென்டிமீட்டர் ஆழம். காய்ப்பு வந்த மரத்தின் பாரத்தைக் காரை தாங்காது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே காற்று ஓடினால் சாம்பல் நோயும் குறையும்.